தட்டு வைத்து அழைத்த இருநூற்றுப் பதினான்கு பேர்

ஊம் கொட்டுகிறவர்கள் கொட்டலாம், கொட்டாதவர்கள் சும்மா இருக்கலாம், எப்படியிருந்தாலும் நடந்தது நடந்ததுதான்: கோரைமேடு குடியிருப்பின் பதினேழாம் பிளாக்கில், லிப்ட் இருந்தும் ஓடாத எட்டாவது மாடியில் வசித்த ஜான்சி என்கிற இருபத்து நான்கு வயதுப் பெண், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், கல்கண்டு எல்லாம் வைத்து, நடுவில் தன் செல்போனையும் மல்லாக்கப் படுக்க வைத்துக்கொண்டு, நண்பர்களை டிண்டினாவுக்கு அழைக்கப் படியிறங்கினாள்.

டிண்டினா என்பது கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. அது செல்போனுக்குள் இருக்கிற ஓர் ஊர். அங்கே போட்டோ போடலாம், பாட்டுப் பாடலாம், முகம் தெரியாதவர்களோடு சண்டை பிடிக்கலாம். யாராவது லைக் போட்டால் உங்கள் பேரில் ஒரு காசு விழும். கையில் பிடிக்க முடியாத, பெட்டிக்கடையில் செல்லாத, ஆனால் சந்தைக்கு வருகிற நாளில் தங்கம் மாதிரி விலை போகப்போவதாகச் சொல்லப்பட்ட கிரிப்டோ காசு. அதன் பெயர் டின். நண்பர் ஒருவரைச் சேர்த்துவிட்டால் நூறு டின். இதையெல்லாம் ஜான்சிக்குச் சொன்னவர் நவநீத் சார். அவள் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிற கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் டிண்டினாவின் ஆபீஸ் இருந்தது. இரண்டு வருஷமாகத் தன் மேஜையைத் துடைக்கிற பெண்ணின் பெயரை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டார், கேட்ட கையோடு, "நீங்க எனக்கு ஃப்ரெண்ட் மாதிரி ஜான்சி, உங்க ஃப்ரெண்ட்ஸையும் கூட்டிட்டு வாங்க," என்றார்.

அவளும் எல்லாரையும் போல முதலில் லிங்க்தான் அனுப்பினாள். நாற்பது பேருக்கு அனுப்பினாள். ஒருத்தரும் வரவில்லை. மூன்றாவது மாடியில் தையல் மிஷின் போட்டிருந்த மேகலா, ஜான்சியோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தவள், பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னாடி அது, ஒண்ணு அனுப்பிச்ச? தட்டுனா தொறக்குமாம், தொறந்தா வரணுமாம். நாங்க இன்னா தெருநாயா, உஸ்ஸுன்னா ஓடியார்றதுக்கு? கூப்புட்ற மாதிரி கூப்புடு."

மேகலா சொன்னதில் நியாயம் இருந்தது. கோரைமேடு, ஆற்றங்கரைகளில் குடிசை போட்டிருந்த ஏழு இடத்து ஜனங்களை லாரி லாரியாக ஏற்றி வந்து, சீட்டுக்கட்டைக் கலைப்பது போலக் கலைத்து மாடி மாடியாக அடுக்கிய இடம். பக்கத்து வீட்டுக்காரன் யார், என்ன ஜாதி, எந்தக் கரை என்று தெரியாமல் முதல் வருஷம் முழுக்க எல்லாரும் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள், அப்புறம் யாரும் கூடிப் பேசாமலேயே அங்கே ஒரு சட்டம் வந்தது. தட்டு வைத்து அழைத்தால் ஒழிய ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிப்பதில்லை. தட்டு வைத்து அழைத்துவிட்டாலோ, வந்தவர் தானாக 'கிளம்பறேன்' என்று சொல்கிற வரைக்கும், அல்லது அழைத்தவரே தேங்காய்ப் பையைக் கையில் கொடுத்து வழியனுப்புகிற வரைக்கும், சாப்பாடும் தண்ணீரும் தலை சாய்க்க இடமும் அழைத்தவர் பொறுப்பு. நடுவில் புகுந்து 'எழுந்து போ' என்று சொல்லும் உரிமை போலீசுக்கும் கிடையாது, பெற்ற தகப்பனுக்கும் கிடையாது.

ஆகவே ஜான்சி தட்டு எடுத்தாள். மேகலாவுக்குக் குங்குமம் கொடுத்து, வாயில் கல்கண்டு போட்டு, அவள் செல்போனில் டிண்டினாவை ஏற்றிக் கொடுத்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பெர்னார்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "காசு பேரு டின்னா? கேக்கும்போதே கெதக்குனு கீது ஜான்சி, நம்மளையும் சேத்து டின் கட்டி அனுப்பிடப் போறானுங்க," என்றான், என்றாலும் அழைப்பு அழைப்புதானே என்று சேர்ந்தான். அப்படிப் பதினோரு பேர் சேர்ந்தார்கள். பெர்னார்டுக்குச் சொந்தமாக ஓர் ஆட்டோ வேண்டியிருந்தது, மேகலாவுக்கு ஓவர்லாக் மிஷின் வேண்டியிருந்தது, மற்ற ஒன்பது பேருக்கும் ஒவ்வொன்று வேண்டியிருந்தது. ஜான்சிக்கு என்ன வேண்டியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆறாவது மாடி ஆள் ஒருவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே அவளுக்கு அப்போதைக்குப் போதுமாக இருந்தது.

தப்பு நடந்தது கடைசி வீட்டு வாசலில். "டிண்டினாவுல போடலாம், லைக் அள்ளும்," என்று பெர்னார்டு செல்போனை உயர்த்திப் பிடிக்க, ஜான்சி தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, கேமராவைப் பார்த்து நீட்டி, அழைப்பு வைக்கிற எல்லாரும் சொல்கிற மாதிரியே, மனசாரச் சொன்னாள்: "சின்னவங்க பெரியவங்க பாக்காம, சுற்றம் சூழ, எல்லாரும் அவசியம் வந்துடணும். நீங்க வந்தாத்தான் எனக்குச் சந்தோஷம்." யாரைப் பார்த்துத் தட்டை நீட்டுகிறோம் என்பதை அவள் யோசிக்கவில்லை. வேறு ஊர்க்காரி யாராவது சொல்லியிருந்தால் அது வெறும் வீடியோவாகப் போயிருக்கும். கோரைமேட்டுக்காரி சொன்னால் அது அழைப்பு.

அந்த வீடியோவுக்கு இருநூற்றுப் பதினான்கு லைக் விழுந்தது. 'அருமை' என்றார்கள், 'சூப்பர் சிஸ்டர்' என்றார்கள், 'வாழ்த்துக்கள்', 'உண்மை உண்மை', 'வேற லெவல் தலைவா' என்றார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பஸ் நிறுத்தத்தில் நாலு டவுன் பஸ் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன, அந்த இருநூற்றுப் பதினான்கு பேரும் இறங்கினார்கள்.

பெர்னார்டு கீழேயிருந்து எட்டாவது மாடிக்குக் கேட்கும்படி கத்தினான். "ஜான்சி! வந்து பாரு! உன் லைக்கெல்லாம் வந்துட்சி!"

கண்டக்டர் ஒருவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார். "டிக்கெட் கேட்டா 'வாழ்த்துக்கள்'ன்றாங்கம்மா. நான் இன்னா பண்ண சொல்லு."

வந்தவர்கள் எல்லாரும் தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, ஸ்டூடியோவில் விளக்குப் போட்டுப் பிடித்த மாதிரி முகம். எங்கேயோ பார்த்த முகம் போலத் தோன்றும், எங்கே என்று நினைத்தால் பிடிபடாது. ஒவ்வொருத்தர் பேருக்குப் பின்னாலும் நாலு எண் இருந்தது. ஆளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும், அதுவும் பாராட்டு வார்த்தை. அவர்களை எந்தக் கம்பெனியோ, ஒரு லைக்குக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவதற்காகச் செய்து வைத்திருந்தது. முன்பக்கம் மட்டும் செய்து, பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டது. அதனால் அவர்கள் திரும்பி நின்றால் பின்னந்தலை பூசாத சுவர் மாதிரி சாம்பல் நிறமாக இருந்தது, சட்டை முதுகில் துணியே இல்லை. அதற்கு வெட்கப்பட்டோ என்னவோ, அவர்கள் யாருக்கும் முதுகு காட்டாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார்கள்.

ஜான்சியின் அம்மா மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கூட்டத்தைப் பார்த்தார். மகளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தட்டு வெச்சியா, இல்லியா?"

"வெச்சேம்மா."

"அப்போ அரிசி கழுவு."

பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறந்தார்கள், மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டினார்கள், வராந்தாவில் பாய் விரித்தார்கள். ஜான்சி வீட்டு அரிசி அன்று மத்தியானமே தீர்ந்துபோக, ஒவ்வொரு வீட்டுக்காரரும் 'உன் விருந்தாளியில ரெண்ட என் பக்கம் தள்ளு' என்று கூட்டிப்போனார்கள். வீட்டுப் பெண்கள் முதலில் செய்த காரியம், வந்தவர்களைப் பிடித்து உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்ததுதான். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்க்கத் தேய்க்க, மூன்றாம் நாள் சாம்பல் நிறம் கறுத்தது, ஒரு வாரத்தில் பூனை முடி முளைத்தது, பத்தாம் நாள் பின்னந்தலை என்று சொல்லும்படி ஒன்று உண்டாகி, அதில் பேனும் வந்தது. பேன் வந்த அன்றைக்கு, "இனிமே இதுங்க நம்ம ஜனம்தான்பா," என்றார் ஜான்சியின் அம்மா. மேகலா மீந்த துணியெல்லாம் சேர்த்து அவர்கள் சட்டைகளுக்கு முதுகு தைத்தாள். முன்பக்கம் வெள்ளைச் சட்டை, பின்பக்கம் பூப்போட்ட நைட்டித் துணி. அந்த முதுகைக் காட்டிக்கொண்டு அவர்கள் முதல் தடவையாக நேராக நடந்தபோது, முழு பிளாக்கும் மாடிகளில் நின்று கை தட்டியது.

அவர்களை வைத்து வாழப் பழகினார்கள். கவுன்சிலருக்கு விஷயம் தெரிந்து, கூட்டத்துக்குக் கை தட்ட ஐம்பது பேரை வேனில் கூட்டிப்போனார். இரண்டு மணி நேரம் அவர் பேசியதற்கு அவர்கள் இடைவிடாமல் 'உண்மை உண்மை' என்றதில், அவர் தன் வாழ்க்கையில் முதல் முறையாகத் தான் என்ன பேசுகிறோம் என்று தானே கேட்டுப் பார்த்துப் பயந்துபோய், பாதியில் மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிட்டார் என்று சொன்னார்கள். ஐந்தாவது மாடியில், பெண்டாட்டியை இருபது வருஷம் அடித்த ஓர் ஆள் செத்துப்போனபோது, 0072 என்கிற விருந்தாளி துக்கம் விசாரிக்கப் போய், அந்தம்மாவின் இரண்டு கையையும் பிடித்து, "வாழ்த்துக்கள்," என்று சொல்லிவிட்டார். அந்தம்மா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார், அழுகிறார் என்று நினைத்துத் தூக்கப் போனவர்களிடம் சொன்னார்: "காத்தாலேர்ந்து எத்தினி பேர் வந்தாங்க. இவரு ஒருத்தர்தாம்மா சரியா சொன்னாரு."

ஜான்சியின் வீட்டில் தங்கினது ஏஞ்சல் 4471. வயது முப்பது இருக்கும், அல்லது இரண்டு மாசம் இருக்கும், எப்படிக் கணக்குப் பண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. அவளுக்குத் தெரிந்த வார்த்தை 'சூப்பர் சிஸ்டர்'. வேலைக்கு அஞ்சாதவள், குடம் தூக்குவாள், வெங்காயம் உரிப்பாள், எட்டு மாடி ஏறி இறங்குவாள். ஆனால் தண்ணீர் வரிசையில் அவளை நிறுத்தினால் அன்றைக்கு வீட்டில் தண்ணீர் இல்லை. காலை ஆறு மணிக்கு லாரி வந்ததும், தரைத்தளத்துக் கன்னியம்மாக்கா தன் நாலு குடத்தோடு வரிசையின் நடுவில் புகுந்து, "தள்ளும்மே," என்பார். ஏஞ்சல் "சூப்பர் சிஸ்டர்" என்று வழி விடுவாள். அதைப் பார்த்துப் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் ஒவ்வொருத்தராகத் தள்ளச் சொல்ல, அவள் எல்லாருக்கும் சூப்பர் சொல்லிச் சொல்லி வரிசையின் கடைசிக்குப் போய், காலிக் குடத்தோடு சிரித்துக்கொண்டே மாடியேறுவாள்.

ஜான்சி அவளுக்கு ஒரு வார்த்தை கற்றுக்கொடுக்கப் பார்த்தாள்.

"இங்க பாரு ஏஞ்சலு. யாராச்சும் தள்ளுன்னா, முடியாதுன்னு சொல்லணும். சொல்லு. மு-டி-யா-து."

ஏஞ்சல் வாயைக் குவித்தாள், கண்ணைச் சுருக்கினாள், கழுத்து நரம்பு புடைத்தது. "சூப்பர் சிஸ்டர்."

"அட, கன்னியம்மாக்கா மூஞ்ச நெனச்சிக்கோ. கோவமா. முடியாது போ!"

"சூப்பர் சிஸ்டர்," என்றாள் ஏஞ்சல், கோபமாக.

தினமும் காலையில், வரிசையில் நின்றபடி, ஆறு வாரம் ஜான்சி சொல்லிக் கொடுத்தாள். கன்னியம்மாக்காவே ஒரு நாள் மனம் இளகி, "வாய நல்லா தொற புள்ள, வவுத்துலேர்ந்து கூவு, முடியாதூ!" என்று கத்திக் காட்டினார், காட்டிவிட்டு அவளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்த் தண்ணீர் பிடித்தார். வார்த்தை வரவில்லை.

ஏழாவது வாரம், புதன்கிழமை, கண்ணாடிக் கட்டடத்தில் நவநீத் சார் ஜான்சியை உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியை அவள் ஆயிரம் தடவை துடைத்திருக்கிறாள், உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவர் குழாய் அடைத்துக்கொண்டதைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசினார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டின் சந்தைக்கு வருகிறது. அதற்கு முன்னால் போலிக் கணக்குகள் எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும். ஒன்பது லட்சம் அழித்தாகிவிட்டது. இருநூற்றுப் பதினான்கு மட்டும் அழிய மாட்டேன் என்கிறது.

"டெலீட் கொடுத்தா, 'விருந்தாளி இன்னும் கிளம்பவில்லை'ன்னு வருது ஜான்சி. கேட்டுப் பார்த்தேன், உங்க ஏரியா வழக்கம் அப்படியாமே. தேங்காய்ப் பையை நீங்க கையில கொடுத்தாத்தான் போவாங்களாம். கொடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை காலையில தேங்காயை நாங்களே வாங்கிட்டு வர்றோம்."

"குடுத்தா அவங்க எங்க சார் போவாங்க?"

"எங்கயும் போக மாட்டாங்க. இருக்க மாட்டாங்க, அவ்வளவுதான். அவங்க ஆளே கிடையாதே." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க ஃப்ரெண்ட்ஸ் பதினோரு பேரோட டின்னும் அன்னிக்கே பணமாயிடும், நான் பார்த்துக்கறேன். இல்லேன்னா உங்க எல்லார் கணக்கையும் சேர்த்து அழிக்கச் சொல்லுவாங்க. யோசிங்க. அவங்க உங்களை நம்பித்தானே சேர்ந்தாங்க?"

கடைசி வாக்கியம்தான் ஜான்சியைத் தூங்க விடவில்லை. மறுநாள் வேலைக்குப் போகாமல் லீவு சொல்லிவிட்டு, அதே எவர்சில்வர் தட்டை எடுத்து, அதே வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், கல்கண்டு வைத்து, செல்போனை மட்டும் வைக்காமல் படியிறங்கினாள். போன தடவை லாபத்துக்கு அழைத்தாள், இந்தத் தடவை நஷ்டத்துக்கு அழைக்கப் போனாள். போன தடவையைவிடத் தட்டு கனத்தது.

மேகலா மிஷினை நிறுத்தவில்லை. "நல்லா கீதுடி. வாங்க வாங்கன்னு நீயே கூப்ட்ட. சேந்தோம். ஓவர்லாக் மிஷின் வாங்கிடலாம்னு நான் கடைக்காரன்கிட்ட வெல வரைக்கும் பேசிட்டேன். இப்ப நீயே வந்து, வாணாம், வுட்ருன்றியா? தேங்கா குடுத்து அனுப்பேன். அவங்களே வாயத் தொறந்து கேக்கல, உனுக்கு இன்னா?"

ஜான்சி சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படிதான் பேசினாள்.

"ஆத்தாங்கரையில, இங்க வூடு குடுக்க லிஸ்ட் எடுக்க வந்தாங்களே, அன்னிக்கு நாம எங்க இருந்தோம், ஞாபகம் கீதா? ஸ்கூல்ல. உன் பேர உங்க மாமா சொல்லி சேத்துட்டாரு. எங்கம்மா வேலைக்குப் போய்ட்டாங்க, பக்கத்து வூட்டுல சொன்னத கேட்டு எழுதிக்கினு போய்ட்டாங்க. லிஸ்ட்ல ஜான்சின்னு ஆளே கிடையாது. இங்க வந்தும் நாலு வருசம் நான் ஆளே கிடையாது. ஆபீஸ்ல நிக்க வெச்சி, என்னைப் பாத்துகினே, 'அப்படி யாரும் இல்லியே'ம்பாங்க. அதே வார்த்தைய நேத்து ஏஞ்சல பத்தி அந்தாளு சொன்னான் மேகலா. ஆளே கிடையாதாம். அந்த ஆளே இல்லாதவளுக்கு நான் டெய்லி பேன் பாக்கறேன்."

மிஷின் நின்றது. மேகலா கத்திரிக்கோலை எடுத்து, வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் இரண்டு தடவை காற்றை வெட்டினாள். அப்புறம் தட்டிலிருந்து கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள்.

"அந்த எழுவத்திரெண்டுக்கு பேண்ட் பின்பக்கம் இன்னும் தெக்கல. லுங்கிய சுத்திகினு திரியறாரு. நாளைக்குக் காத்தாலக்குள்ள தெச்சிடறேன். ஆபீஸ்லேர்ந்து ஆளு வர்றான்னா மருவாதியா நிக்கணும்ல."

பெர்னார்டு வெற்றிலையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, டின் கட்டுவானுங்கன்னு. வாடக ஆட்டோவும் மூணு சக்கரம்தான், சொந்த ஆட்டோவும் மூணு சக்கரம்தான். வுடு," என்றான். எல்லாரும் அப்படிச் சுலபமாக விடவில்லை. இரண்டு பேர் தட்டைத் தொடவே இல்லை, ஒருத்தர் கதவைத் திறக்கவே இல்லை. சாத்திய அந்தக் கதவின் படியில் ஜான்சி ஒரு வெற்றிலையை வைத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு மினி வேன் வந்தது. அதிலிருந்து நவநீத் சாரும், கழுத்தில் அட்டை தொங்கிய இரண்டு பேரும் இறங்கினார்கள், அவர்களோடு இருநூற்றுப் பதினான்கு மஞ்சள் பைகள் இறங்கின. ஒவ்வொன்றிலும் தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு சின்ன சாக்லெட். பையின் மேல் 'வருகைக்கு நன்றி' என்று அச்சடித்திருந்தார்கள். விருந்தாளிகள் முழு முதுகோடு, முழுத் தலையோடு, வரிசையாக நின்றார்கள். பதினேழாம் பிளாக் மட்டுமல்ல, சுற்றியுள்ள பிளாக்குகளும் மாடி மாடியாக எட்டிப் பார்த்தன.

நவநீத் சார் முதல் பையை எடுத்து ஜான்சியிடம் நீட்டினார். "சீக்கிரம் முடிச்சிடலாம் ஜான்சி. நீங்க கையில மட்டும் கொடுத்தா போதும்."

ஜான்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "கூப்ட்டது நான் சார். எப்ப அனுப்பறதுன்னு நான்தான் சொல்லணும். இன்னும் அவங்க சாப்ட்டு முடிக்கல."

"ஏழு வாரமா சாப்பிடறாங்க!"

"எங்க வூட்ல மெதுவாத்தான் சாப்புடுவாங்க."

மாடிகளிலிருந்து விசில் பறந்தது. நவநீத் சாருக்குக் கோபம் வரவில்லை. அவர் கெட்டிக்காரர், அந்த வழக்கத்தின் இன்னொரு வாசலையும் விசாரித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். விருந்தாளி தானாகக் கிளம்பலாம். வந்தவர்களுக்கோ பாராட்டைத் தவிர வேறு வார்த்தை தெரியாது. எதைக் கேட்டாலும் அருமை, சூப்பர், உண்மை உண்மை. அவர் ஜான்சியை விட்டுவிட்டு வரிசையின் பக்கம் திரும்பினார், அட்டை தொங்கிய ஒருத்தன் செல்போனைத் தூக்கிப் பதிவு செய்ய ஆரம்பித்தான்.

"நண்பர்களே," என்றார் நவநீத் சார், இனிமையாக. "நாம எல்லாரும் இப்ப கிளம்பலாம், இல்லையா?"

ஜான்சிக்கு அப்போதுதான் விளங்கியது. கையைப் பின்னால் கட்டியது எதற்கும் ஆகாது என்றும், இன்னும் ஒரு மூச்சு நேரத்தில் இருநூற்றுப் பதினான்கு வாய் திறந்து இருநூற்றுப் பதினான்கு பேரையும் இல்லாமல் ஆக்கிவிடும் என்றும் தெரிந்து, ஓடிப்போய் ஏஞ்சலின் வாயைப் பொத்தலாமா என்று நினைத்தாள், ஒரு வாயைப் பொத்தி என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தாள். ஏஞ்சல் வரிசையின் முதலில் நின்றாள். எண்ணெய் வைத்துப் பின்னிய தலை. நைட்டித் துணி முதுகு. அவள் வாயைக் குவித்தாள்.

"சூ..." என்றாள்.

நவநீத் சார் தலையை ஆட்டி உற்சாகப்படுத்தினார்.

ஏஞ்சல் கண்ணைச் சுருக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஆறு மணி லாரியும், காலிக் குடங்களும், தள்ளும்மே என்கிற முழங்கைகளும், எட்டு மாடிப் படிகளும் எல்லாமாகச் சேர்ந்து வயிற்றிலிருந்து கிளம்பி மேலே வருவது அவள் முகத்தில் தெரிந்தது.

"மு..." என்றாள். "முடி..." என்றாள். "முடியாது."

அவளே தன் குரலைக் கேட்டுத் திகைத்தவள் போல ஜான்சியைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு முன்னால் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து, கன்னியம்மாக்கா சொல்லிக் கொடுத்த மாதிரியே கூவினாள்: "முடியாதூ!"

அருமையும், உண்மை உண்மையும், வேற லெவல் தலைவாவும் அவளைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவர் 'முடியாது' என்றார், அவருக்குப் பக்கத்தில் நின்றவர் 'முடியாது' என்றார், புது பேண்ட் போட்ட 0072 இரண்டு கையையும் தூக்கி 'முடியாது' என்றார், சொல்லச் சொல்ல அந்த வார்த்தை வரிசையின் கடைசி வரை போய், அங்கே நிற்காமல் மாடிப்படி ஏறி, தரைத்தளத்திலிருந்து எட்டாவது மாடி வரைக்கும், லிஸ்டில் பெயர் இருந்தவர்களும் இல்லாமல் போனவர்களும், நேற்றைக்குக் கதவைத் திறக்காத அந்த ஒருத்தரும் கதவைத் திறந்துகொண்டு வந்து, எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் நாலு வருஷமாக நின்றுகிடந்த லிப்ட் ஒரு மாடி ஏறி, மறுபடி நின்றுகொண்டது.

பதினோரு மணி ஆனது. பெர்னார்டின் செல்போனிலும், மேகலாவின் செல்போனிலும், சேர்ந்த எல்லார் செல்போனிலும் டிண்டினா வெள்ளையாகி, டின்கள் பூஜ்ஜியமாகி, பூஜ்ஜியமும் போனது. பெர்னார்டு தன் செல்போனைத் தலைகீழாக ஆட்டிப் பார்த்தான். "கட்டிட்டாங்கப்பா," என்றான். மேகலா தன் செல்போனைப் பார்க்காமல் 0072இன் பேண்ட் தையலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விருந்தாளிகளில் ஒருத்தர்கூடக் குறையவில்லை.

நவநீத் சார் வெயிலில் நின்றார். அவரை யாரும் தட்டு வைத்து அழைக்கவில்லை, ஆகையால் யாரும் உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார். கன்னியம்மாக்கா ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்து, அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"அப்ப நான் போயிட்டு வரேன்," என்றார் அவர், பழக்கத்தில்.

"போ. வரேன்லாம் சொல்லாத. தட்டு வெச்சாத்தான் வரணும்."

மஞ்சள் பைகளை அவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. அன்று ராத்திரி பதினேழாம் பிளாக் முழுக்கத் தேங்காய்ச் சட்னி அரைத்தார்கள். திங்கட்கிழமை முதல் ஜான்சி வேறு கண்ணாடிக் கட்டடத்தில் வேலைக்குச் சேர வேண்டியிருந்தது, அங்கேயும் ஆறாவது மாடிதான். ஆனால் அதற்கு முன்னால் சனிக்கிழமை காலை வந்தது, ஆறு மணி வந்தது, லாரி வந்தது. கன்னியம்மாக்கா நாலு குடத்தோடு வரிசையின் நடுவில் புகுந்து, "தள்ளும்மே," என்றார். ஏஞ்சல், "முடியாது," என்றாள். கன்னியம்மாக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார், பின்னந்தலையையும் ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார், பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.

ஜான்சியும் ஏஞ்சலும் கொண்டுவந்திருந்த இரண்டு குடமும் தளும்பத் தளும்ப நிறைந்தன. ஜான்சிக்கு நெஞ்சு நிறைந்துபோய், "ஏஞ்சலு, வா, ஆளுக்கு ஒண்ணு தூக்கிக்கலாம்," என்று ஒரு குடத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

ஏஞ்சல் குடத்தைப் பார்த்தாள். எட்டு மாடியையும் அண்ணாந்து பார்த்தாள்.

"முடியாது," என்றாள்.

வரிசையின் கடைசியிலிருந்து கன்னியம்மாக்காவின் குரல் வந்தது. "கத்துக் குடுத்த இல்ல? ரெண்டையும் நீயே தூக்குடி!"